கொழுக்கட்டை பிடித்த கைக்கு: பன்றி இறைச்சி டம்ப்ளிங் பழகும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

உக்குவெலையில் எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்றி இறைச்சிக் கொழுக்கட்டை அவிப்போம். பேரப்பிள்ளைகளுக்கு அது டம்ப்ளிங். கொழும்பில் வேலை பார்க்கும் மூத்த பேத்தி ஒரு தடவை வீட்டுக்கு வந்தபோது, கடையில் ஆறு துண்டுக்குக் கொடுத்த விலையைச் சொன்னாள். அந்தக் காசுக்கு வீடு முழுக்கச் சாப்பிடலாமே பிள்ளை என்று அன்றைக்கே மா குழைத்துக் காட்டினேன். இப்போது அவளோடு அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேரும், எங்கள் லயத்துப் பக்கத்திலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு மருமகளும் பழக வருகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் இதைப் பழகியது சிங்கப்பூரில். பதினோரு வருடம் ஒரு சீனக் குடும்பத்தில் வீட்டுவேலை பார்த்தேன். அந்த வீட்டுப் பாட்டி வட சீனத்திலிருந்து வந்தவர். அங்கே கோதுமைதான் விளைச்சல், அதனால் சோற்றை விட மாப்பண்டங்களில்தான் அவருக்குக் கை ஓடும். இதை அவர்கள் ஜியாவ்ஸி என்பார்கள். என் பேச்சு அவருக்குப் பாதி விளங்காது, அவர் பேச்சு எனக்குப் பாதி விளங்காது. கையைப் பார்த்துக் கையால் பழகினேன்.

1. முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடித்த கைக்கு இது புது வேலை இல்லை. மாவைத் தட்டுவது, உள்ளே வைப்பது, மடிப்பது, ஓரம் அழுத்துவது, ஆவியில் ஏற்றுவது எல்லாம் தெரிந்ததுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் எல்லாம் தானாக விளங்கும். நம் கொழுக்கட்டைக்குள் வைக்கிற பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் முன்பே வெந்தவை. மேல்மாவும் கொதிதண்ணீரில் பாதி வெந்துவிட்டது. ஆவி அதைச் சேர்த்துப் பிடிக்க வைக்கிறது, அவ்வளவுதான். டம்ப்ளிங்கில் உள்ளே போவது பச்சை இறைச்சி. மேல்தோல் வேகும் அதே நேரத்தில் உள்ளேயும் வெந்தாக வேண்டும், வெந்த சாறு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. கை பழகியதை அப்படியே கொண்டுவாருங்கள். பதம் பழகியதைக் கொண்டுவராதீர்கள்.

2. மாவில்தான் நம் பெண்கள் முதலில் தவறுகிறார்கள். நானும் தவறியிருக்கிறேன்.

மாத்தளைப் பக்கம் எந்த வீட்டுக் குசினியிலும் இரண்டு டின்னில் மா இருக்கும். ஒன்று ரொட்டி சுடுகிற பச்சைக் கோதுமை மா. மற்றது சீலையில் கட்டி அவித்து, கட்டி உடைத்து, அரித்து வைத்த மா. அது இடியப்பத்துக்கும் பிட்டுக்கும். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து முதல் தடவை செய்தபோது, ஆவியில் வைக்கிற பண்டம்தானே என்று அவித்த மாவை எடுத்துவிட்டேன். குழைத்தால் குழைந்தது. தேய்த்தால் ஓரமெல்லாம் பிய்ந்தது. எப்படியோ மடித்து வைத்தேன், அவிந்து வரும்போது ஒவ்வொன்றும் வாய் பிளந்து, சாறெல்லாம் தட்டில் தேங்கிக் கிடந்தது. பதினோரு வருடம் கண்ணால் பார்த்த வேலை. அன்று பிள்ளைகளுக்கு இறைச்சியை வழித்துச் சோற்றோடு போட்டேன்.

காரணம் பிறகுதான் விளங்கியது. பச்சைக் கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் இழுவை வரும். பரோட்டா மாவை இழுத்தால் கிழியாமல் வருகிறதே, அந்த இழுவைதான். அதைத் தருவது குளூட்டன் என்கிற புரதம். மாவை அவித்தால் அந்தப் புரதம் வெந்து போகும், பிறகு அது நூலாகப் பிடிக்காது. இடியப்பம் மெத்தென்று உதிர்வதற்கு அதுவே நல்லது. பச்சை இறைச்சியை மூடி வைக்க அது உதவாது.

ஆகவே பச்சை மாதான். இங்கே கோதுமை மா என்று விற்கிற வெள்ளை மாவே போதும், தமிழ்நாட்டில் அதை மைதா என்பார்கள். ஆட்டா மா வேண்டாம், அதிலுள்ள தவிடு தோலைக் கிழிக்கும். அரிசி மாவும் கலக்காதீர்கள். நம் நாட்டில் விற்கும் கோதுமை மாவில் பெரும்பங்கு திருகோணமலையில் சீனக்குடா ஆலையில் அரைபடுவது. அந்த ஆலையை நடத்துவதும் சிங்கப்பூர்க் கம்பனிதான். சீனத்துப் பண்டத்துக்கு மா தேடி எங்கும் அலைய வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன், சந்திக் கடையிலேயே இருக்கிறது.

3. 250 கிராம் மாவுக்கு ஒரு சிட்டிகை உப்பு. 90 மில்லிலீற்றர் நன்றாகக் கொதிக்கும் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். மா பொலபொலவென்று திரண்டதும் 50 அல்லது 55 மில்லிலீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் குழையுங்கள். கொதிதண்ணீர் பட்ட மா மெத்தென்று இருக்கும், ஆவியில் விறைக்காது. பச்சைத் தண்ணீர் பட்ட மாவில் இழுவை இருக்கும், கிழியாது. நமக்கு இரண்டும் வேண்டும். முழுக்கப் பச்சைத் தண்ணீரில் குழைத்த மா, தண்ணீரில் போட்டு அவிக்கிற டம்ப்ளிங்குக்கு நல்லது. ஆவியில் வைத்தால் அதன் ஓரம் காய்ந்து தோலாகிவிடும்.

எட்டுப் பத்து நிமிடம் அடித்துக் குழையுங்கள். அப்போதும் மேடு பள்ளமாகத்தான் இருக்கும். அதற்காக மேலும் தண்ணீர் விடாதீர்கள். ஈரச் சீலை போட்டு மூடி அரை மணி நேரம் விட்டுவிட்டு, மறுபடி இரண்டு நிமிடம் குழைத்துப் பாருங்கள். வழுவழுவென்று வந்திருக்கும். தொட்டால் காது மடலைத் தொட்டதுபோல இருக்க வேண்டும். பாட்டி என் காதைப் பிடித்துக் காட்டித்தான் இதைச் சொல்லித் தந்தார்.

4. இறைச்சியை நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். மாத்தளை நகரத்து இறைச்சிக் கடைகள் எல்லாவற்றிலும் பன்றி கிடைக்காது. அதற்குத் தனிக் கடை. நம் நாட்டில் பன்றி வளர்ப்பு கூடுதலாக நடப்பது கம்பஹா, புத்தளம் மாவட்டங்களின் கரையோரப் பக்கம். அங்கிருந்து மலையேறி வருகிற இறைச்சி வழியில் எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரியாது. கண்ணும் மூக்கும்தான் துணை. சதை இளஞ்சிவப்பாக, கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் மேலே எழும்ப வேண்டும். கொழுப்பு மஞ்சளாகி, சதை பிசுபிசுத்தால் கடைக்காரர் எத்தனை தெரிந்தவரானாலும் வாங்காமல் வாருங்கள்.

2024ஆம் ஆண்டின் கடைசியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவி, நாடு முழுவதையும் அபாயப் பிரதேசமாக அறிவித்தார்கள். அந்த நோய் மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆனாலும் செத்த பன்றியை மலிவாகத் தள்ளிவிடுகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. தோட்டப் பக்கம் விடியற்காலையில் பையில் கொண்டுவந்து பாதி விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். காட்டுப்பன்றியும் இந்தப் பண்டத்துக்கு வேண்டாம். கொழுப்புக் குறைவு, நார் கூடுதல், எந்தப் புழு இருக்கிறதென்று யாரும் பார்த்து வெட்டுவதும் இல்லை.

5. தோள்பட்டை இறைச்சியாகக் கேளுங்கள். ஏழு பங்கு சதைக்கு மூன்று பங்கு கொழுப்பு. 250 கிராம் மாவுக்கு 300 கிராம் இறைச்சி, அதில் 90 கிராம் கொழுப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டு வெறும் சதையை வைத்துச் செய்கிறார்கள். அவிந்த பிறகு உள்ளே ஒரு கடினமான உருண்டை உருளும், தோலோடு ஒட்டாது. உடம்புக்கு ஆகாது என்றால் இரண்டு டம்ப்ளிங் குறைத்துச் சாப்பிடுங்கள். கொழுப்பைக் குறைக்காதீர்கள்.

மெஷினில் அரைக்கக் கொடுக்காமல் கத்தியால் கொத்துங்கள். முதலில் மெல்லிய துண்டு, பிறகு நீளவாக்கில், பிறகு குறுக்கில், பிறகு கொத்துதல். பருப்பு அளவு மணியாக நின்றால் போதும். களியாக வேண்டாம். இறைச்சியைக் கொத்துவதற்கு முன் அரை மணி நேரம் பிரிஜ்ஜின் மேல்தட்டில் வைத்தால் கொழுப்பு இறுகி, கத்திக்கு வழுக்காமல் வரும். நம் ஊர் வெயிலில் கொழுப்பு உருகிக் கத்தியில் ஒட்டினால் அந்த ருசி பலகைக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

6. கோவாவைப் பொடியாக அரிந்து (200 கிராம்), அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு சீலையில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். பாதியளவுதான் மிஞ்சும். பிழிந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், கீழே எட்டாவதில் தேவைப்படும். கோவா இல்லாத நாளில் லீக்ஸ். நுவரெலியா மரக்கறி எல்லாம் இறங்குகிற தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, இரண்டில் எது மலிவோ அதை வாங்குங்கள். கரட்டும் போஞ்சியும் போடாதீர்கள், அவை வேகும் நேரம் வேறு.

7. சரக்கு போடும் ஆசையை அடக்குங்கள். இதைச் சொல்லும்போது எனக்கே மனது வலிக்கும். நாம் இருப்பது மாத்தளை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமே இங்கேதான். றத்தோட்டைப் பக்கம் போனால் கிளிசரிடியா மரத்துக்கு மரம் மிளகுக் கொடி, வேலியோரம் சாதிக்காய், கிராம்பு, மேட்டில் ஏலம். பன்றி என்றதும் நம் கை தூளுக்கும் கறுவாவுக்கும் கொறக்காவுக்கும் போகும். பன்றிக் கறிக்கு அது வேண்டியதுதான். கறி ஒரு மணி நேரம் அடுப்பில் கிடந்து சரக்கெல்லாம் சதைக்குள் இறங்குகிறது. டம்ப்ளிங் ஆவியில் இருப்பது பன்னிரண்டு நிமிடம். அதற்குள் தூளின் பச்சை வாடை போகாது. சரக்குத் தூள் போட்ட டம்ப்ளிங்கை வாயில் வைத்தால் தொண்டையில் தூள்தான் நிற்கும், இறைச்சி எங்கே என்று தேட வேண்டும்.

மிளகு மட்டும் போடுங்கள். அதுவும் வெள்ளை மிளகு. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அதைச் செய்யத் தெரியும். கொடியில் நன்றாகப் பழுத்துச் சிவந்த மணிகளைச் சாக்கில் கட்டி ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாள் ஊறப்போட்டு, தோல் அழுகியதும் காலால் மிதித்துக் கழுவிக் காய வைப்பார்கள். அந்தத் தோல் போனாலும் காரம் உள்ளே இருக்கும், கரகரப்பு இருக்காது. கால் தேக்கரண்டி போதும், போடுகிற நேரத்தில் இடியுங்கள். இஞ்சி துருவி இரண்டு தேக்கரண்டி, வெங்காயத்தாள் ஒரு பிடி, சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி. சீனர்கள் வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் விடுவார்கள். நம் நல்லெண்ணெயில் அந்த வாசம் வராது. ஒரு தேக்கரண்டி எள்ளை வெடிக்க வறுத்து இடித்து, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் போட்டு வைத்து அதை விடுங்கள். இது எந்தப் பாட்டியும் சொன்னதில்லை, நானாகக் கண்டுகொண்டது.

8. இறைச்சியில் தண்ணீர் விடுங்கள். நம் வீட்டில் யாரும் கேள்விப்படாத வேலை இது. கோவா பிழிந்த தண்ணீரை நான்கு மேசைக்கரண்டி எடுத்து, ஒவ்வொரு கரண்டியாக விட்டு, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கிளறுங்கள். முதலில் தண்ணீர் தனியாக நிற்கும், பிறகு இறைச்சி அதைக் குடிக்கும். கடைசியில் விரலை எடுத்தால் நூல்நூலாக ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பதம் வந்த பிறகுதான் கோவாவும் வெங்காயத்தாளும் எண்ணெயும் போட வேண்டும். எண்ணெயை முதலில் விட்டால் இறைச்சி தண்ணீரைக் குடிக்காது. கோவாவிலும் தண்ணீரிலும் முன்பே உப்பு இருக்கிறது, ஆகவே மேற்கொண்டு ஒரு சிட்டிகைக்கு மேல் போடாதீர்கள். கலந்ததை மூடி, தோல் தேய்க்கும் வரை பிரிஜ்ஜில் வையுங்கள்.

9. பச்சையாக நக்கிப் பார்க்காதீர்கள். உப்புப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சிறு உருண்டையைத் தாச்சியில் தட்டிப் பொரித்துப் பாருங்கள்.

10. மாவை நீளமாக உருட்டி முப்பது துண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டு 13 கிராம் அளவில் வரும், பெரிய நெல்லிக்காய் மாதிரி. வெட்டிய துண்டுகளை ஈரச் சீலையால் மூடி, ஒன்றொன்றாக எடுத்துத் தேயுங்கள். ரொட்டிக் கட்டை இதற்குப் பெரிது. ஒரு சாண் நீளத்தில் விரல் பருமனுக்குக் கொஞ்சம் மேலாக ஒரு கட்டை வேண்டும். நான் கொய்யாக் கிளையைச் சீவி, கண்ணாடித் தாளால் தேய்த்து வைத்திருக்கிறேன்.

வலது கை கட்டையை ஓரத்திலிருந்து நடு வரைக்கும் மட்டும் தள்ள வேண்டும், இடது கை தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். நடு தடிப்பாகவும் ஓரம் மெல்லிசாகவும் வரும். ஏன் அப்படி என்றால், மடித்த பிறகு ஓரம் இரட்டையாகும், நடு ஒற்றையாகவே இருந்து இறைச்சியின் பாரத்தைத் தாங்கும். முதல் பத்துத் தோல் இலங்கைப் படம் மாதிரிதான் வரும். வட்டம் வராததற்குக் கலங்காதீர்கள், ஓரம் மெல்லிசாக வந்ததா என்று மட்டும் பாருங்கள்.

11. உள்ளே வைப்பது ஒரு தேக்கரண்டி, மேலே கொஞ்சம் குவிந்திருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்கு நிறைய இருக்கட்டும் என்று தாய் மனது சொல்லும். அந்த மனதினால்தான் பாதி டம்ப்ளிங் வெடிக்கிறது.

பாதி நிலாவாக மடித்து, முதலில் நடுவை அழுத்துங்கள். பிறகு உள்ளே இருக்கும் காற்றை விரலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே மூடுங்கள். காற்று உள்ளே நின்றால் ஆவியில் ஊதிப் பிளக்கும். நம் கொழுக்கட்டைக்குத் தண்ணீர் தொட்டு ஒட்டுவோம். புதிதாகத் தேய்த்த தோலுக்கு அது தேவையில்லை, ஈரம் கூடினால் வழுக்கும். மடிப்பு வைத்தால் அழகு, வைக்காவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. சீனாவின் மேற்கே துர்பான் பக்கத்தில் அஸ்தானா என்கிற இடத்துக் கல்லறைகளில் கிடைத்த டம்ப்ளிங்கின் படத்தை என் பேரன் போனில் காட்டினான். தாங் அரச காலத்தது, ஆயிரம் வருடத்துக்கும் மேலே. காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது, ஆனால் அதே பாதி நிலா. யாரோ ஒருத்தி விரலால் அழுத்திய ஓரம்.

12. தனியாக உட்கார்ந்து செய்யாதீர்கள்.

சீனர்கள் வருடப் பிறப்புக்கு முந்தின இரவு இதைச் செய்வார்கள். பழைய காலத்து வெள்ளிக் கட்டி இந்த வடிவத்தில் இருக்குமாம், அதனால் செல்வம் சேரும் என்று ஒரு நம்பிக்கை. நான் வேலை பார்த்த வீட்டில் அன்று கடை பூட்டிவிட்டு வந்த மகன், படிக்கிற பேரன், மருமகள் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். பாட்டி தோல் தேய்ப்பார், மற்றவர்கள் மடிப்பார்கள். ஒன்றே ஒன்றுக்குள் நிலக்கடலைப் பருப்பு ஒன்றை வைத்து மூடுவார்கள், அது யார் தட்டில் வருகிறதோ அவருக்கு வருடம் முழுக்க நல்லது. முதல் வருடம் நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். இரண்டாம் வருடம் பாட்டி எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். என் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருந்த எனக்கு அந்த நாற்காலி எவ்வளவு பெரிது என்று சொல்லத் தெரியவில்லை.

ஒருவர் தேய்த்தால் மூன்று பேர் மடிக்கலாம், முப்பது டம்ப்ளிங் இருபது நிமிடத்தில் முடியும். தனியாகச் செய்தால் ஒன்றரை மணி நேரம், அதற்குள் முதலில் மடித்தவை ஈரம் ஊறித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆம்பிளைப் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். என் பேரன் மடிக்கிறது நண்டு மாதிரி இருக்கும். அவனுடையதை அவன் தேடி எடுத்துச் சாப்பிடுவான்.

13. அவிக்கும் முறை. இடியப்பம் அவிக்கிற பானையும் தட்டும் போதும். மூங்கில் கூடை தேடிக் கொழும்புக்குப் போக வேண்டாம். தட்டில் வாழையிலையை அனலில் வாட்டிப் போட்டு, எண்ணெய் தடவுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா குரக்கன் மாவில் ஹலப்ப செய்வதற்குக் கெந்த இலை பறிப்பார், நாம் வட்டக்கண்ணி என்கிற மரம்தான். ஒரு நாள் வாழையிலை இல்லாமல் அதைப் போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை, நல்ல வாசமும் ஏறியது. ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள், வேகும்போது பருக்கும், தொட்டால் ஒட்டிக் கிழியும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டை ஏற்ற வேண்டும். பச்சைத் தண்ணீரிலேயே ஏற்றி அடுப்பை மூட்டினால், ஆவி வருவதற்குள் தோல் ஈரம் குடித்துக் குழைந்துவிடும். அலுமினிய மூடியில் சேரும் தண்ணீர் சொட்டாமல் மூடியை உள்ளே சீலையால் கட்டுங்கள், நம் அம்மாமார் செய்வது மாதிரி. தண்ணீர் தட்டைத் தொடக் கூடாது.

கொதி ஏறியதிலிருந்து 12 நிமிடம். இடையில் திறக்காதீர்கள். மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து 360 மீற்றர் அளவு உயரம், அங்கே இந்தக் கணக்குச் சரி. மேலே ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட தோட்டங்களில் தண்ணீர் 97 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும், ஆவியின் சூடும் அவ்வளவுதான். அங்கிருந்து வருகிற பிள்ளைகள் இரண்டு நிமிடம் கூட்டி வையுங்கள். 2022இல் கேஸ் கிடைக்காமல் வீடு வீடாக விறகடுப்புக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டிலும் கல்லடுப்பில்தான் அவித்தோம். விறகில் அவிப்பதானால் பன்னிரண்டு நிமிடத்துக்கு வேண்டிய காய்ந்த விறகை முன்பே பக்கத்தில் எடுத்து வையுங்கள். நடுவில் நெருப்புத் தணிந்தால் தோல் சுருங்கிப் பசையாகும், பிறகு எவ்வளவு எரித்தாலும் சரிவராது.

14. முதல் தட்டு இறங்கியதும் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புக் கூடாது, சாறு தெளிவாக வர வேண்டும். பன்றி இறைச்சி வேகாமல் போனால் நாடாப்புழு உடம்புக்குள் போகும், வேறு புழுக்களும் உண்டு. கொத்திய இறைச்சியின் நடு 71 பாகை சூட்டைத் தொட்டாக வேண்டும். குத்திப் பார்க்கிற வெப்பமானி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெட்டிப் பார்ப்பதுதான். சிவப்பு இருந்தால் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி மூன்று நிமிடம். விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள் என்பதற்காக இதில் அவசரப்படாதீர்கள். பச்சை இறைச்சி பட்ட பலகை, கத்தி, கை எல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே வேறு எதையும் தொட வேண்டும்.

15. தொட்டுக்கொள்ள: தேங்காய் வினாகிரி இரண்டு பங்கு, சோயா சோஸ் ஒரு பங்கு, இஞ்சியை நூல்நூலாக அரிந்து போட்டுப் பத்து நிமிடம். காரம் வேண்டுகிறவர்களுக்குக் கொச்சிக்காயை நசுக்கித் தனிக் கிண்ணத்தில். உள்ளே போட முடியாத உறைப்பை எல்லாம் இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

16. யார் வருகிறார்கள் என்று பார்த்து அவியுங்கள். எங்கள் வீட்டுக்கு இடது பக்கம் முஸ்லிம் குடும்பம். நோன்புப் பெருநாளுக்கு அந்த அக்கா கொடுத்தனுப்பும் வட்டிலப்பத்துக்கு என் பேரப்பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். பன்றி அவித்த நாளில் எங்கள் குசினியிலிருந்து எதுவும் அவர்கள் வீட்டுக்குப் போகாது. கோழி வைத்துத் தனியாகச் செய்து கொடுத்தால் என்ன என்று மருமகள் கேட்டாள். அதே பலகை, அதே பானை. அவர்களுக்கு அது ஆகாது, ஆகாததைச் சொல்லாமல் கொடுப்பது துரோகம். அக்காவுக்கு என்று எண்ணினால் பழமோ பழப்பெட்டியோ வாங்கிக் கொடுங்கள்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்குக் கொடியேறினால் ஐந்து தேரும் ஊர் சுற்றி வந்து இருப்புக்குப் போகும் வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. அந்த நாட்களில் பிள்ளைகள் கேட்டால் காளானும் கோவாவும் வைத்து அவித்துக் கொடுப்பேன். அதற்கென்று ஒரு தட்டும் பானையும் அலுமாரியின் மேலே தனியாக இருக்கிறது. மருமகள் வந்த முதல் நாளே அதைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

17. மிஞ்சினால். மடித்து அவிக்காதவற்றை மா தூவிய தட்டில் ஒட்டாமல் வைத்து உறைய விட்டு, கல்லானதும் பையில் போடுங்கள். ஒரு மாதம் வைக்கலாம். இளகவிடாமல் அப்படியே ஆவியில் ஏற்றி 15 நிமிடம். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதைவிட உதவி வேறில்லை. அவித்து மிஞ்சியதை மறுநாள் காலையில் தாச்சியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு அடிப்பக்கம் மட்டும் முறுக விடுங்கள். என் பேத்தி கொழும்பு பஸ்ஸுக்குப் போகும்போது அதைத்தான் கட்டிக் கொடுக்கிறேன்.

மா மிஞ்சினால் தேங்காய்ப்பூ போட்டுக் குழைத்து ஒரு குட்டி ரொட்டி. எங்கள் வீட்டில் அது கடைசிப் பேத்திக்கு, அவள் மூன்று வயதுக்காரி. எல்லாரும் மேசையில் மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் கையிலும் ஒரு துண்டு மா கொடுத்து வைத்திருப்பேன். அழுக்கேறிச் சாம்பல் நிறமாகிவிட்ட அந்தத் துண்டைக் கடைசியில் அவளே கொண்டுவந்து தாச்சியில் போடச் சொல்லுவாள்.